கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பெரியவர்கள் யாரிடம் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்ஷன், வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகம் என்று எல்லாமே ஒரு திரைக்குள் போய்விட்ட காலம் இது. அந்தத் திரை திடீரென்று இருண்டால் கலங்குவது இயல்புதான். கலங்கிய அந்த நேரத்தில் யார் கிடைத்தாலும் சரி என்று கை நீட்டுவதால்தான் பெரிய நஷ்டங்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் வசிக்கும் பெரியவர்களுக்கும் தூரத்திலிருந்து அவர்களுக்கு உதவும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: கம்ப்யூட்டர் உதவியை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். அது தானாக உங்களைத் தேடி வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. முதலில் யாரைக் கூப்பிடுவது?

என்ன கோளாறு என்பதைப் பொறுத்தது. மெஷினே ஆன் ஆகவில்லை, சத்தம் போடுகிறது, சூடாகிறது என்றால் ரிப்பேர் கடை. மெஷின் ஓடுகிறது, நெட் மட்டும் இல்லை என்றால் நெட் கனெக்ஷன் கொடுத்தவர். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மெயில் திறக்கவில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் அல்ல. பணம் சம்பந்தப்பட்டது என்றால் வங்கியும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும் மட்டும். இந்த நான்கையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வசதிதான். ஆனால் அந்த ஒருவருக்கு உங்கள் மெயில், வங்கி, ஆதார் அத்தனையும் தெரிந்துவிடும்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

மானிட்டரின் விளக்கு எரிகிறதா, சிபியூவின் விளக்கு எரிகிறதா என்று தனித்தனியே பாருங்கள். இரண்டும் எரியாவிட்டால் யுபிஎஸ் (கரண்ட் போனால் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) மீது சந்தேகப்படலாம். வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். மெஷின் ஓடினால் பேட்டரியை மாற்றினால் போதும், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மானிட்டர் மட்டும் கருப்பாக இருந்தால் பின்னால் போகும் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். வீடு பெருக்கும்போது அது இழுபட்டுத் தளர்வது சகஜம்.

மெஷின் ஓடினாலும் மந்தமாக இருக்கிறது, ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டது என்றால் ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உண்டு. அது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணைவதில்லை, அதன் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வரும். நேற்றைய சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

திரையில் எழுத்து எதுவும் வந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ இங்கிலீஷில் வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன்’ என்றால் உதவ வருபவருக்குப் பிடி கிடைக்காது.

நெட் வரவில்லை. கம்ப்யூட்டர் கெட்டதா, லைன் கெட்டதா?

செல்போனிலும் அதே வைஃபையில் நெட் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் மீது பழி இல்லை. ஃபைபர் இணைப்பு என்றால் மோடம் பெட்டியில் ‘லாஸ்’ என்று படிக்கும்படி மூன்று ஆங்கில எழுத்துகள் போட்ட ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். எங்கேயோ கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் பின்னால் அந்த மெல்லிய வயர் கூர்மையாக மடங்கியிருக்கலாம். அதை முறுக்கவோ இழுக்கவோ வேண்டாம். கனெக்ஷன் கொடுத்தவரிடம் ‘லாஸ் சிவப்பாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும்.

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று வருகிறது. வைரஸா?

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய தேதி காட்டினால் வைரஸ் இல்லை. வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. உங்கள் கடிகாரம் தவறாக இருந்தால் எல்லாச் சான்றும் செல்லாததாகத் தோன்றும். மெஷினுக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் காசு வடிவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால், மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னோக்கி ஓடிவிடும். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், விலை மிகக் குறைவு. இதற்காக விண்டோஸை மறுபடி போட வேண்டும் என்று சொல்லும் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கிருந்தே என் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். விண்டோஸில் ‘குவிக் அசிஸ்ட்’ என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ் கீ, கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். சில விண்டோஸ் 10 மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் இருவரும் போனில் பேசத் தொடங்குங்கள், அல்லது வாட்ஸ்அப் வீடியோ காலில் முகம் பார்த்து. உதவுபவர் தன் பக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ‘உதவி செய்கிறேன்’ என்ற பொத்தானைக் கொடுத்தால் அவருக்கு ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். சிறிது நேரத்தில் அது காலாவதியாகிவிடும், ஆகவே உடனே சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கட்டத்தில் தட்டி, ‘அலவ்’ கொடுத்ததும் உங்கள் திரை அவருக்குத் தெரியும். மவுசையும் அவர் நகர்த்த வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்பார். அதற்கும் ஒருமுறை ‘அலவ்’.

பலர் திணறும் இடம் இனிமேல்தான் வரும். புது சாஃப்ட்வேர் நிறுவும்போது விண்டோஸ் திரையை மங்கலாக்கி ‘மாற்றம் செய்யலாமா’ என்று கேட்கும். அந்த நேரத்தில் மகனுக்குத் திரை தெரியாது, அவர் மவுசும் நகராது. ‘யெஸ்’ அழுத்த வேண்டியவர் நீங்கள். இது தெரியாததால் இரு பக்கமும் பத்து நிமிடம் ‘என்னடா ஆச்சு’, ‘உனக்கு என்ன தெரியுதும்மா’ என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

வேலை முடிந்ததும் குவிக் அசிஸ்ட்டை நீங்களே மூடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அவற்றை நிரந்தரமாக மெஷினில் வைத்து, கடவுச்சொல் போட்டு, நீங்கள் இல்லாதபோதும் நுழையும்படி அமைக்க முடியும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது வசதி. தவறான ஆளிடம் போனால் வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். எனிடெஸ்க்கை இறக்கச் சொல்லி யுபிஐ பணத்தைத் திருடும் முறை பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. இன்றைக்கும் அந்தத் தந்திரம் ஓய்ந்தபாடில்லை.

திரை முழுக்கச் சிவப்பாகி, ‘வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று அலறுகிறது. என்ன செய்ய?

அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருக்கிறது என்பதே மோசடிக்குச் சான்று. நீங்கள் பார்ப்பது ஒரு வெப்பக்கம்தான், திரை முழுக்க விரிந்து, மூடும் பொத்தானை மறைத்துக்கொண்டிருக்கிறது.

எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட்டும் எஃப் 4-ம் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் மூடும். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரின் பெயரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். எதுவுமே நடக்கவில்லையென்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணையும். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்பி வந்து நிற்கும்.

இன்னொரு வகை, வலது மூலையில் மணிக்கொருமுறை எட்டிப்பார்க்கும் சின்ன எச்சரிக்கைப் பெட்டி. என்றைக்கோ ஒரு வெப்சைட் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டபோது ‘அலவ்’ அழுத்தியதன் விளைவு. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அத்தோடு நின்றுவிடும். இதற்காகப் பணம் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணை நம்பலாமா?

கூடாது. தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். மேப்பில் காட்டும் எண்ணை யாரோ மாற்றியிருக்கலாம். வங்கி எண்ணை ஏடிஎம் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். பிரிண்டர், லேப்டாப் கம்பெனி எண் வாரன்ட்டி அட்டையில் இருக்கும். யார் பேசினாலும் ஒரு ஆப் இறக்கச் சொன்னால், ஓடிபி கேட்டால், ‘ரீஃபண்டு அனுப்புகிறோம், யுபிஐ பின் போடுங்கள்’ என்றால், போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.

ரிப்பேர் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சென்னையில் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்காத பாகம் அபூர்வம். ஆனால் நெரிசல் அதிகம், நின்று பேரம் பேசத் தெம்பு வேண்டும், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். பெரியவர்களுக்கு நாங்கள் சொல்வது உங்கள் பகுதியிலேயே சில வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் கடை. வாரன்ட்டி முடியவில்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர். வெளியில் கழற்றினால் வாரன்ட்டி போய்விட வாய்ப்புண்டு.

பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ரசீதில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால் ராம் என்ற நினைவகம் எத்தனை ஜிபி என்று காட்டும். கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் அதைப் படம் எடுங்கள். 8 ஜிபி கொடுத்து 4 ஜிபி திரும்பி வந்தால் அங்கேயே கேட்கலாம்.

‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’, அதாவது உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்பது பல கடைகளில் முதல் பதில். ஒத்துக்கொள்வதற்கு முன் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்ற நான்கு இடங்களும் வெளி டிஸ்க்கில் நகல் ஆகிவிட்டதா என்று உங்கள் கண்ணால் திறந்து பாருங்கள். பேரனின் முதல் பிறந்தநாள் படம் கடைக்காரருக்கு வெறும் ஃபைல். லேப்டாப் வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸுடன் வந்திருந்தால் அதன் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாகவே செல்லுபடியாகும். உரிமம் இல்லாத ‘கிராக்’ விண்டோஸ் போட விடாதீர்கள். அதைப் போடுவதற்காகப் பாதுகாப்பை அணைப்பார்கள், பிறகு அதைத் திரும்ப ஆன் செய்ய யாருக்கும் நினைவிருக்காது.

புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல மெஷின்கள் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டு எழுத்தில் சேமிக்கின்றன. மதர்போர்டில் கை வைத்த பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. அந்த எண் பெரும்பாலும், லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அமைத்தது கடைப் பையனா, மருமகளா? யாருடைய மெயிலில் அமைத்தார்கள்? இதை இன்றைக்கே கேட்டு, எண்ணைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

கடையில் விடும் முன் பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டுகளை நீக்குங்கள், மெயிலிலிருந்தும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேறுங்கள்.

விண்டோஸ் 10 இனி ஓடாது என்கிறார்களே, புதுசு வாங்க வேண்டுமா?

ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறைந்தது 4 ஜிபி ராமும் வேண்டும்; 2017-க்கு முந்தைய மெஷின்கள் பெரும்பாலும் தேறாது. பழைய மெஷினில் படம் பார்ப்பதும் எழுதுவதும் தொடரட்டும், வங்கி வேலையை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மெஷின் தகுதியானது, ஆனால் மந்தம் என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். செலவழித்த காசுக்கு இவ்வளவு வித்தியாசம் வேறு எந்தப் பாகத்திலும் தெரியாது.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். பீரோவுக்குள் இருக்கும் நோட்டை இணையத் திருடனால் படிக்க முடியாது. வங்கிப் பின் நம்பரை மட்டும் அதில் எழுத வேண்டாம். கூகுள் கணக்கின் மீட்பு எண் இப்போது உபயோகத்தில் இல்லாத சிம்மாக, காலமான துணைவரின் எண்ணாக இருந்தால் உடனே மாற்றுங்கள். பூட்டிக்கொண்ட பிறகு மாற்ற முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு அடையாளமும் கேட்கும் முறை) வைத்திருந்தால் கூகுள் பத்து காப்புக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். அச்செடுத்து அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.

பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றை வீட்டிலிருந்தே கொடுக்க யார் உதவுவார்கள்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வயதானால் கைரேகை தேய்ந்து கருவியில் பதியாது. அதற்காகத்தான் 2021-ல் முக அடையாள வழி வந்தது. ஆண்ட்ராய்டு போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமான்’ ஆப்கள் இரண்டும் வேண்டும். முகத்தின் மீது வெளிச்சம் விழும்படி, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டு நிராகரிக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்கும்போது கண்ணைச் சிமிட்டுங்கள். முடியவில்லையென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலம் வீட்டுக்கே வந்து செய்வார்கள், கட்டணம் 70 ரூபாய். சான்றிதழ், பட்டா போன்ற மாநில அரசு வேலைகளுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய தமிழ்க் கடிதங்கள் கோணல்மாணலாக ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.

ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துரு புது மெஷினில் இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் எழுத்துருவைத் தேர்ந்து ஒட்டினால், எந்த மெஷினிலும் படிக்கக்கூடிய யூனிகோடில் கிடைக்கும்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன?

உடனே 1930. இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கினால்தான் மீளும். எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணி, யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். கூடவே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களைச் சேராது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் அதுவரை போனது உங்கள் பொறுப்பு. ஆனால் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு மறைப்பதால் நஷ்டம் பெருகத்தான் செய்யும்.

யாரையாவது மெஷினுக்குள் நுழைய விட்டிருந்தால் மோடமை அணைத்து, வேறு போனிலிருந்து மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்த மெஷினில் விண்டோஸைப் புதிதாகப் போடும்வரை வங்கி வேலை வேண்டாம்.

பிள்ளைகள் எப்படி உதவினால் அம்மா அப்பாவுக்கு நல்லது?

மவுசை அவர்கள் கையிலேயே விடுங்கள். நீங்கள் இரண்டு விநாடியில் முடித்துக் காட்டினால் அவர்கள் மனத்தில் எதுவும் பதியாது. அவர்கள் விரலால் மூன்று முறை செய்தால் பதியும். ஐகான்களை இடம் மாற்றாதீர்கள். டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள், அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள், எழுத்தளவைக் கூட்டுங்கள். கைநடுக்கமும் கண்புரையும்தான் பாதி ‘கம்ப்யூட்டர் பிரச்சினை’. தினசரிக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு சாதாரணக் கணக்கு அமைத்துக் கொடுத்தால் தெரியாமல் எதையும் நிறுவ முடியாது. ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டார்கள், போனில் வரும் இனிமையான குரலிடம் கேட்பார்கள்.

பிள்ளைகள் இல்லை, தனியாக இருக்கிறேன். உதவி செய்பவரே என் கணக்கில் கை வைத்தால்?

நெட் பேங்கிங் வேலைகளுக்கு வங்கிக் கிளைக்கே போய்க் கேளுங்கள்; வாடிக்கையாளருக்குச் சொல்லித்தருவது அவர்கள் வேலை, தயங்க வேண்டாம். உதவியாளர் பக்கத்தில் இருந்தாலும் ஓடிபியும் பின் நம்பரும் உங்கள் விரலால்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை பாஸ்புக் அச்சிட்டு வரிவரியாகப் பாருங்கள், சின்னத் தொகைகளை முக்கியமாக. முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. அவர்கள் பிரிண்டரைச் சரிசெய்து தர மாட்டார்கள். ஆனால் உறவினரோ உதவியாளரோ உங்கள் பென்ஷனை எடுத்துக்கொள்கிறார், கார்டைத் திருப்பித் தரவில்லை என்றால் தயங்காமல் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பிள்ளைகளோ சொத்துக்கு உரிமையுள்ள உறவினரோ பராமரிக்காமல் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் நீங்களே மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.